வெண்ணெய்க்குள் கல்

அத்தியாயம் 4

கல் மேசைமேல் விழுந்த சத்தத்தில் நடுவர் லேத்தம் திடுக்கிட்டுக் கண் திறந்தார்.

"இதுதான் எஜமான்," என்றான் ரொட்டிக்காரன் கில்பர்ட் ஃபென். "வெண்ணெய்னு சொல்லி இந்தப் பொம்பள எனக்கு இதைத்தான் வித்தா."

கல்லுக்குப் பக்கத்தில் நடுவே பிளந்த வெண்ணெய்க் கட்டி ஒன்று. மேலே பதித்திருந்த அன்னப் பறவை கழுத்தறுபட்டு இரண்டு பக்கமும் கிடந்தது. அன்னம் சிசிலி மார்லின் முத்திரை என்பது ஹார்க்ஸ்டன் சந்தையில் திரியும் நாய்க்குக்கூடத் தெரியும். சிசிலி கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். விதவை. இரண்டு மாடு, மூன்று பிள்ளைகள். வெண்ணெய்க் கூடைதான் அந்த வீட்டின் அடுப்பு.

சந்தைக் கட்டடத்தின் மாடியில் நடக்கும் இந்த நீதிமன்றத்தைப் புழுதிக்கால் கோர்ட் என்பார்கள். வழக்குக்கு வருகிறவர்களின் காலில் ஒட்டிய தெருப் புழுதி உதிர்வதற்குள் தீர்ப்பு வந்துவிடும். சந்தையில் நடந்த தப்புக்குச் சந்தை கலைவதற்குள் தண்டனை. எடையில் ஏமாற்றியவளுக்குக் கீழே சதுக்கத்தில் இருக்கிற தொழுமரம். கழுத்தையும் இரண்டு மணிக்கட்டையும் பலகை ஓட்டைகளில் மாட்டி நிறுத்திவிடுவார்கள். ஊர் தன் பங்குக்குக் கையில் கிடைத்ததை எறியும். போன கோடையில் ஒரு மீன்காரிக்கு ஒரு கண் போனது அப்படித்தான். அதற்குப் பிறகு கடை போடும் உரிமையும் போகும். குற்றம் பொய் என்று நிரூபணமானால் அதே மரத்தில் குற்றம் சாட்டியவன் நிற்க வேண்டும். ஆகையால் அன்று சாயங்காலம் இரண்டில் ஒரு கழுத்து மாட்டப்போவது உறுதி. சிசிலியுடையதா, கில்பர்ட்டுடையதா என்பதுதான் கேள்வி.

கில்பர்ட் அந்தப் பதிலுக்காக ஓர் ஆண்டாகக் காத்திருந்தான். போன அறுவடைக் காலத்தில் அவனுடைய ரொட்டி ஒன்றை ஊர்த் தராசில் தூக்கிப் போட்டு எடை குறைவென்று காட்டியவள் சிசிலி. கூடையோடு ரொட்டியைப் பறிமுதல் செய்து தர்மச் சத்திரத்துக் கிழவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். கிழவர்கள் அவன் கடை வாசலில் நின்றே தின்றுவிட்டு நன்றி சொல்லிப் பாட்டும் பாடினார்கள். அந்தப் பாட்டு இன்னும் தன் காதில் கேட்கிறது என்று சாராயக் கடையில் பலரிடம் சொல்லியிருக்கிறான்.

வேதப் புத்தகத்தின்மேல் கை வைத்து அவன் சொன்னது இது. காலையில் சந்தை திறந்ததும் தானே போய்ச் சிசிலியிடம் அந்தக் கட்டியை வாங்கினான். வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்துக் கத்தியை இறக்கும்வரை அது அவன் கையைவிட்டு நகரவில்லை. கத்தி கல்லில் இடித்ததை மெழுகுவர்த்திக்காரர் ஜாஸ்பர் டெனிங் கூட இருந்து பார்த்தார்.

டெனிங் தொப்பியைக் கழற்றி, பார்த்ததாகச் சொன்னார். தேவாலயத்தில் முன்வரிசையில் உட்காருகிறவர். அவர் ஆமாம் என்றால் ஊருக்கும் ஆமாம்.

அப்போதுதான் சிசிலி வாய் திறந்தாள். "இவருக்கு நான் விக்கவே இல்ல எஜமான். வாங்கினது இவரு பொண்டாட்டி. அதோ நிக்கிறா அவிஸ். கேளுங்க."

எல்லாரும் திரும்பினார்கள். கதவோரம் நின்றிருந்த அவிஸ் ஃபென் தலை குனிந்துகொண்டாள். வலது கையை முன்றானைத் துணிக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.

நடுவர் பெருமூச்சு விட்டார். புருஷன் வழக்கில் பெண்டாட்டியின் சாட்சி செல்லாது, ஆதரவாகவும் செல்லாது, எதிராகவும் செல்லாது, இது சிசிலிக்குத் தெரியாதா என்று கேட்டார். தெரியும். ஹார்க்ஸ்டனில் தெரியாதவர் கிடையாது. சந்தை திறந்தவுடன் வெண்ணெய்க் கூடைகள்மேல் விழுகிற கூட்டத்தில் எந்தக் கை யாருடையது என்று சொல்ல வேறு ஆளும் கிடையாது.

நடுவர் இறகுப் பேனாவை எடுத்தார். அந்த நேரத்தில் காவல்தடி ஒன்று தரையில் தட்டப்பட்டது.

தடியைப் பிடித்திருந்தவன் ஹம்ப்ரி ஸ்னெல். வாய் நிறைய மாமிசப் பணியாரம். அவனுக்குப் பின்னால் கறுப்புத் தொப்பியும் சுருங்கிய உதடுமாக நின்றவள் தாமசின் பாஸ்க்.

இந்த ஊரில் காவலர் பதவி வீட்டு முறை. ஆண்டுக்கு ஒரு வீடு. இந்த ஆண்டு முறை சேணம் தைக்கும் பாஸ்க் வீட்டுக்கு வந்தபோது பாஸ்க் கல்லறைத் தோட்டத்தில் இருந்தார். அதற்காக முறை தவறாது என்று சொல்லி விதவையின் தலையில் கட்டினார்கள். ஆனால் பெண்பிள்ளை தடியைப் பிடிக்கக் கூடாது, காவலராகக் கோர்ட்டில் பேசவும் கூடாது. எனவே கூலிக்கு ஒரு ஆளை வைத்துக்கொண்டாள். தாமசின் காதில் சொல்வாள், ஹம்ப்ரி வாயால் சொல்வான். நடுவில் அவனுடைய சொந்தச் சரக்கும் கொஞ்சம் கலக்கும்.

"எஜமான், காவலர் அந்தக் கல்லையும் வெண்ணெயையும் கொஞ்சம் பார்க்கணும்னு கேட்டுக்கறாங்க," என்றான் ஹம்ப்ரி. "உங்களுக்கும் ஆட்டுக்கறி ஆறிட்டிருக்கும்."

இரண்டாவது வாக்கியம் தாமசின் சொன்னதல்ல. ஆனால் வேலை செய்தது அதுதான். சாப்பிட்டு வரும்வரை அவகாசம், அதற்குமேல் கிடையாது என்று சொல்லிவிட்டு நடுவர் எழுந்து போனார்.

*

மாடிப்படிக்குக் கீழே வெளிச்சமாக ஓரிடம். தாமசின் கல்லை ஹம்ப்ரியின் கையில் கொடுத்துவிட்டு, வெண்ணெயின் இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"வெண்ணெயில கல்லு. ரொட்டியில காத்து," என்றான் ஹம்ப்ரி. "இந்த ஊர்ல பல்லு இருக்கறவனும் பொழைக்க முடியாது, இல்லாதவனும் பொழைக்க முடியாது. அம்மணி, அந்த ஓரத்துல கொஞ்சம் வழிச்சுக்கட்டுமா? பணியாரம் வறண்டு போயிருக்கு."

"சாட்சியைத் தின்னா கைய ஒடிச்சிருவேன். கல்லப் பாரு."

ஹம்ப்ரி பார்த்தான். தட்டையான கல். ஒரு முகம் சாதாரண நிறம். மறுமுகம் செங்கல்போலச் சிவந்து, குறுக்கே ஒரு விரிசல். முகர்ந்தான். அதற்கப்புறம் யாரும் எதிர்பாராதபடி நக்கினான்.

"உப்பு இல்ல," என்றான் யோசனையோடு. "புகை இருக்கு. கருகின மாவு இருக்கு. நம்ம கில்பர்ட் ரொட்டியவிட நல்லாத்தான் இருக்கு."

தாமசின் சிரிக்கவில்லை. வெண்ணெயைத் தலைகீழாகத் திருப்பினாள். மேலே அன்னம் அழகாக இருந்தது. அடிப்பக்கம் அப்படியில்லை. யாரோ அடியைக் குடைந்து, கல்லைத் திணித்து, வெண்ணெயை மறுபடி வைத்து மூடி, விளிம்பைச் சுற்றி விரலால் அழுத்தியிருந்தார்கள். அழுத்திய இடத்தில் வெள்ளையாக மெல்லிய தூள் படிந்திருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். கோதுமை மாவு. சலித்து எடுத்த வெள்ளை மாவு. சிசிலி வீட்டில் வாற்கோதுமை ரொட்டிக்கே இழுபறி. வெள்ளை மாவை அவள் கண்ணால் பார்ப்பது கல்யாண வீட்டில்தான்.

"அப்போ கல்லு உள்ள போனது ரொட்டிக் கடையிலதான்," என்றான் ஹம்ப்ரி.

தாமசின் விளிம்பில் இருந்த பதிவுகளையே பார்த்தாள். சுற்றிலும் ஒரே கட்டைவிரல். எல்லாப் பதிவுகளும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. தன் வலது கட்டைவிரலை ஒரு பள்ளத்தில் வைத்துப் பார்த்தாள், முரண்டியது. இடது கட்டைவிரலை வைத்தாள். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. கட்டியை ஒரு கை பிடித்திருக்க, மறு கை அழுத்தியிருந்தால் எதிர்ப்புறம் பிடித்த விரல்கள் பதிந்திருக்கும். அப்படி எதுவும் இல்லை. மேசையில் வைத்துத் திருப்பித் திருப்பி, ஒரே கையால் மூடியிருக்கிறார்கள்.

"என்ன அம்மணி?"

"ஒண்ணுமில்ல. வா, ரொட்டிக் கடைக்கு."

*

கடையில் கூலியாள் மட்டும் மாவு மூட்டைமேல் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். ஹம்ப்ரி தடியால் அவன் விலாவில் குத்தி எழுப்பினான்.

காலையில் எசமானர் எத்தனை மணிக்குச் சந்தைக்குப் போனார் என்று தாமசின் சாதாரணமாகக் கேட்டாள். கூலியாள் கண்ணைக் கசக்கிக்கொண்டே, எசமானர் எங்கே போனார், விடிந்ததிலிருந்து முழங்கைவரை மாவில் நின்றார், ரொட்டி வெளியே வந்ததும் டெனிங் ஐயா வந்தார், இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள் என்று சொன்னான். சொல்லிவிட்டுத்தான் முழுதாக விழித்தான். தான் எதுவும் சொல்லவில்லை என்றும், தனக்கு எதுவும் தெரியாது என்றும், இங்கே வேலை போனால் வேறு கடை இல்லை என்றும் வரிசையாக அடுக்கினான்.

"நீ எதையும் சொல்லலைய்யா," என்றாள் தாமசின். "தூக்கத்துல உளறினதை யாரு கணக்குல வெப்பா. அடுப்பைக் காட்டு."

அடுப்பு ஆள் குனிந்து நுழையும் அளவுக்குப் பெரிது. வாயைச் சுற்றிக் கல் அடுக்கு. தாமசின் மேலிருந்து ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு வந்தாள். எல்லாம் கச்சிதம். கீழே, சாம்பல் வாருகிற பொந்தின் ஓரத்தில், முழங்கால் மடக்கி உட்கார்ந்தால் மட்டும் கண்ணில் படுகிற இடத்தில் கை நின்றது. அங்கே ஒரு கல் இல்லை.

ஹம்ப்ரி தன் கையிலிருந்த கல்லை அங்கே வைத்தான். பல் போன இடத்தில் பல்லை வைத்ததுபோல் பொருந்தியது. பக்கத்துக் கல்லில் ஓடிய விரிசல் இந்தக் கல்லுக்குள்ளும் தாண்டி ஓடியது.

"முடிஞ்சுது கதை," என்றான் ஹம்ப்ரி. முகமெல்லாம் சிரிப்பு. "தானே வெச்சு, தானே வெட்டி, தானே கத்தியிருக்கான். சாயங்காலம் எறியறதுக்கு முட்டை சேர்த்து வெக்கணும். எங்க தெருவுல ஒரு கோழி ரொம்ப நாளா அடைகாக்குது, ஒண்ணும் பொரியல."

தாமசின் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். "ஹம்ப்ரி, ஆத்தங்கரையில எவ்வளவு கல்லு கெடக்கு?"

"ஊர வித்தாலும் வாங்க முடியாத அளவு."

"அப்புறம் எதுக்குத் தன் அடுப்புலயிருந்தே புடுங்கணும்?"

"சோம்பேறித்தனம் அம்மணி. நானா இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்."

"நீ செய்வ," என்று ஒத்துக்கொண்டாள். பிறகு கூலியாளிடம், போகிற போக்கில் கேட்பதுபோல, இந்த வீட்டில் சாம்பல் வாருவது யார் என்று கேட்டாள். அது எசமானியம்மா வேலை என்றான் அவன். எசமானர் அந்தப் பக்கம் குனிந்தே பார்த்ததில்லை.

தாமசின் தலையசைத்தாள். பக்கத்துக் கல்லையும் பெயர்த்துக்கொள்ளும்படி ஹம்ப்ரியிடம் சொன்னாள். இரண்டு கல்லையும் சுமந்துகொண்டு வழிநெடுக அவன் முனகினான். காவலருக்குத் தலை போதும், கூலிக்காரனுக்குத் தோளும் வேண்டும் என்றான். அவள் காதிலேயே வாங்கவில்லை. சந்தைச் சதுக்கத்தில் தொழுமரத்தின் மேற்பலகையைத் தூக்கி, கீலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்கள். சிசிலியின் மூத்த மகள் இரண்டு தம்பிகளையும் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். தாமசின் ஒரு நிமிடம் அங்கே நின்றாள். பிறகு வேகமாக மாடியேறினாள்.

*

நடுவர் வாயைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். கில்பர்ட் முன்னைவிடச் சந்தோஷமாக இருந்தான்; இடையில் டெனிங்கோடு போய் ஒரு கோப்பை போட்டிருந்தான்.

தாமசின் காதில் சொன்னாள். ஹம்ப்ரி தடியைத் தட்டினான்.

"கில்பர்ட், வெண்ணெய நீயேதான் வாங்கினியா?"

"நானேதான்."

"உன் கைய விட்டு நகரவே இல்ல?"

"நகரல."

தாமசின் மறுபடி குனிந்து சொன்னாள். இந்தத் தடவை அவள் கண் கில்பர்ட்டைத் தாண்டிக் கதவோரத்துக்குப் போயிருந்தது.

"நல்லா யோசிச்சுச் சொல்லு," என்றான் ஹம்ப்ரி. "வீட்ல வேற யாரும், ஒரு நிமிஷம்கூட, அதைத் தொடல?"

"எத்தன தரம் சொல்றது? யாரும் தொடல. புத்தகத்து மேல கை வெச்சுச் சொன்னேன், இப்பவும் சொல்றேன்." கில்பர்ட் சிசிலியைப் பார்த்துச் சிரித்தான். "கழுத்துல சங்கிலி கிங்கிலி இருந்தா கழட்டி வெச்சிரும்மா. பலகை தேஞ்சிரும்."

டெனிங்கும் சிரித்தார். பின்னால் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

ஹம்ப்ரி சட்டைக்குள்ளிருந்து அடுப்புக் கல்லை எடுத்து மேசைமேல் வைத்தான். வெண்ணெய்க்குள் இருந்த கல்லை அதன் பக்கத்தில் நகர்த்தினான். இரண்டும் ஒரே விரிசலைப் பங்கு போட்டுக்கொண்டன. இது எங்கிருந்து வந்தது என்று நடுவர் கேட்டார். கில்பர்ட் ஃபென்னின் அடுப்பிலிருந்து என்று ஹம்ப்ரி சொன்னான். வெண்ணெயின் அடியில் படிந்திருக்கும் வெள்ளை மாவையும் காட்டினான். சிசிலி வீட்டில் அந்த மாவு இருந்தால் தான் அந்தக் கல்லையே தின்பதாகவும், ஏற்கெனவே ஒரு தடவை ருசி பார்த்துவிட்டதாகவும் சேர்த்துக்கொண்டான்.

யாரும் சிரிக்கவில்லை. கில்பர்ட் கல்லைப் பார்த்தான். அவன் முகத்தில் திருடன் பிடிபட்ட முழி இல்லை. தன் வீட்டு நாய் தன்னைக் கடித்ததுபோன்ற குழப்பம்தான் இருந்தது. பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பிக் கதவோரம் பார்த்தான். அவிஸ் இந்த முறை தலை குனியவில்லை.

"அவதான்," என்றான் கில்பர்ட். "எஜமான், வாங்கிட்டு வந்தது அவதான். நான் மாவு பிசைஞ்சுட்டிருந்தேன். அவதான் வாங்கிட்டு வந்து மேசையில வெச்சா."

"அப்போ புத்தகத்து மேல கை வெச்சு நீ சொன்னது என்ன?" என்று கேட்டார் நடுவர்.

கல் தன்னுடையதென்றால் பொய்க் குற்றம். மனைவி வாங்கியதென்றால் பொய்ச் சத்தியம். இரண்டு வழியும் போய்ச் சேரும் இடம் ஒன்றே என்பது கில்பர்ட்டுக்கு அந்த மேசைக்கு முன்னால்தான் புரிந்தது. உதவிக்கு டெனிங் இருந்த பக்கம் பார்த்தான். டெனிங் இரண்டடி தள்ளி நின்றிருந்தார். வீட்டில் மெழுகை உருக்க வைத்துவிட்டு வந்ததாக யாரிடமோ சொல்லிக்கொண்டே படியிறங்கினார்.

*

கில்பர்ட்டின் தலைக்குமேல் பலகை இறங்கியபோது சதுக்கம் நிறைந்திருந்தது. டெனிங்கும் மெழுகை மறந்து கூட்டத்தின் ஓரத்தில்தான் நின்றார். எடை குறைந்த ரொட்டியை ஆண்டுக்கணக்காகத் தின்ற ஊர் அது. அழுகின முள்ளங்கி, மீன் குடல், சாக்கடைச் சேறு. ஹம்ப்ரி சொன்ன கோழியின் முட்டைகளும் வந்து சேர்ந்தன. நாற்றம் அவன் வாக்கைக் காப்பாற்றியது.

சிசிலி கைப்பிடிச் சாணியோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அவசரப்படவில்லை. நின்று, பார்த்து, எறிந்தாள். மேய்ச்சல் காட்டில் மாட்டைத் திருப்பிப் பழகிய கை. நேராக வாயில் போய் விழுந்தது. பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய், மிச்சமிருந்த வெண்ணெயை எடுத்து அடுக்கத் தொடங்கினாள்.

தாமசின் கிணற்றடிக்குப் போனாள். அங்கே அவிஸ் தனியாக நின்றிருந்தாள். எதையும் எறியவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

"கைய எடு, பாக்கலாம்," என்றாள் தாமசின்.

அவிஸ் முன்றானையை விலக்கினாள். வலது மணிக்கட்டு வீங்கிக் கறுத்திருந்தது. விரல்கள் மடங்கவில்லை.

"அடியை மூடினது ஒரே கை. எடது கட்டைவிரல்," என்றாள் தாமசின். "உன் புருஷனுக்கு ரெண்டு கையும் நல்லா வேலை செய்யுது."

"ஆமாக்கா," என்றாள் அவிஸ். "நல்லாத்தான் வேலை செய்யுது."

சேறு விழுகிற சத்தம் கேட்டது.

"சிசிலி என்ன பாவம் பண்ணினா? மூணு பிள்ளைங்க, அந்தப் பலகையையே பாத்துட்டு நின்னுச்சுங்க."

"வேற யாரு வெண்ணெயா இருந்தாலும் அவரு கோர்ட்டுக்கு ஓடியிருக்க மாட்டாரு. சிசிலின்னாதான் ஓடுவாரு. என் பேச்சு செல்லாது, அதனால தானே வாங்கினதாச் சத்தியம் பண்ணுவாரு. எனக்குத் தெரியும். பதினோரு வருஷமா அவரு கோபத்தை மட்டுந்தான் படிச்சிட்டிருக்கேன்."

"நாங்க கண்டுபிடிக்காம விட்டிருந்தா?"

"அதுக்குத்தானே ஆத்துக்கல்ல எடுக்காம அடுப்புக்கல்ல எடுத்தேன். நான் பேசினா கோர்ட்ல கேக்காது. கல்லு பேசினா கேக்கும்ல." அவிஸ் முதல் தடவையாகத் தாமசினின் முகத்தைப் பார்த்தாள். "யாரும் கடைப்பக்கம் போகலேன்னா நானே அந்தப் பொந்துல கையை விட்டுக் காட்டியிருப்பேன். அவளுக்குப் பதிலா நான் நின்னிருப்பேன்."

பிறகு அவள் சொன்னதைத் தாமசின் குறுக்கிடாமல் கேட்டாள். இரண்டு தடவை அவிஸ் நடுவரிடம் போயிருக்கிறாள். புருஷனால் உயிருக்குப் பயம் என்று சத்தியம் செய்ய மட்டும் பெண்டாட்டிக்குச் சட்டம் இடம் தருகிறது. அப்படிச் செய்தால் புருஷன் அமைதியாக இருப்பானென்று ஊரில் மதிப்புள்ள இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும். நிற்க ஆள் இல்லாவிட்டால் சிறை. இரண்டு தடவையும் டெனிங் வந்து நின்றார். கில்பர்ட் நல்லவன், தேவாலயத்துக்குத் தவறாமல் வருகிறவன் என்றார். அவர் நின்றதும் இன்னொருவர் நின்றார். ஜாமீன் எழுதின மை காய்வதற்குள் கில்பர்ட் அவளைக் கையைப் பிடித்து அன்பாக வீட்டுக்குக் கூட்டிப்போனான். இரண்டாவது தடவைக்குப் பிறகு அவள் வயிற்றில் இருந்தது தங்கவில்லை.

"ரொட்டி ஒரு வாய் கொறஞ்சா ஊரே கூடித் தராசு புடிக்குது," என்றாள் அவிஸ். "எனக்கு எந்தத் தராசு இருக்கு? அவருக்கு வலிக்கணும்னு மட்டும் இதைச் செய்யலக்கா. வலிக்கட்டும், அது வேற. அவருக்காக நிக்கறதுக்கு இந்த ஊர்ல ஒரு ஆம்பளையும் இருக்கக் கூடாது. அதுதான் எனக்கு வேணும்."

பின்னால் காலடி கேட்டது. ஹம்ப்ரி கைகளில் முட்டை வாடையோடு வந்து நின்றான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியவில்லை. அவன் கக்கத்தில் இலையில் சுற்றிய வெண்ணெய் இருந்தது. சாட்சிப் பொருளை இரவுக்குள் நடுவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி.

தாமசின் மாடியைப் பார்த்தாள். அங்கே போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பலகையைத் தூக்கி ஒரு தலையை எடுத்து இன்னொரு தலையை மாட்டுவார்கள். கில்பர்ட் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, இதே கிணற்றடியில் நின்று பார்ப்பான். இருட்டியதும் இவளை வீட்டுக்கும் கூட்டிப்போவான். சத்தியம் பண்ணிக் கையேற்ற பதவி அவளைச் சொல்லச் சொன்னது.

"ஹம்ப்ரி," என்றாள்.

"சொல்லுங்க அம்மணி."

"பசிக்குதா?"

"எனக்கு எப்ப பசிக்கல?"

"அந்த வெண்ணெயத் தின்னுடு. அடிப்பக்கத்துலயிருந்து ஆரம்பி."

ஹம்ப்ரி அவளைப் பார்த்தான். அவிஸைப் பார்த்தான். வீங்கிய மணிக்கட்டைப் பார்த்தான். முதல் முறையாக அவனிடம் நக்கல் எதுவும் இல்லை. இலையைப் பிரித்து, கட்டைவிரல் பதிந்த விளிம்பை ஒரே கடியில் எடுத்தான்.

"உப்பு கொஞ்சம் கம்மி," என்றான் மென்றுகொண்டே.

அவிஸ் மாடிப்படி ஏறினாள்.

*

நடுவர் லேத்தம் சன்னலைத் திறந்து வெளியே தலையை நீட்டியபோது எறிகிறவர்கள் கையை இறக்கினார்கள். அவர் முகத்தில் எரிச்சல் இருந்தது. வீட்டுக்குப் புறப்படும் நேரம் அது. அவிஸ் ஃபென் தன் புருஷனால் உயிருக்குப் பயமென்று மூன்றாம் முறையாகச் சத்தியம் செய்திருக்கிறாள் என்று அறிவித்தார். வழக்கமான கேள்வியைக் கேட்டார். கில்பர்ட் ஃபென்னுக்கு ஜாமீன் நிற்கிறவர்கள் யார்?

"டெனிங்," என்றான் தொழுமரத்திலிருந்து கில்பர்ட். வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு மறுபடி கூப்பிட்டான். "ஜாஸ்பர்."

ஜாஸ்பர் டெனிங் தன் காலணியில் தெறித்த சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது லேசில் போவதாக இல்லை.

கில்பர்ட் கசாப்புக்காரனைக் கூப்பிட்டான். அவன் மேகத்தைப் பார்த்தான். தேவாலயத்தில் பக்கத்து இருக்கைக்காரனைக் கூப்பிட்டான். அந்த ஆள் பெண்டாட்டியின் தோளுக்குப் பின்னால் போய் நின்றான். புத்தகத்தின்மேல் கை வைத்துப் பொய் சொன்னவனுக்காக யார் தன் பெயரைக் கொடுப்பார்கள்? பேர் சொல்லிக் கூப்பிடும் குரல் சதுக்கத்தில் ஒவ்வொரு மூலையாகப் போய்விட்டுத் திரும்பி வந்தது. கடைசியில் அவனுக்குப் பேர்கள் தீர்ந்துபோயின.

"ஆளில்லை," என்றார் நடுவர். "இறக்கினதும் சிறைக்குக் கொண்டுபோங்க." சன்னலைச் சாத்தினார்.

அவிஸ் படியிறங்கி வந்தாள். கிணற்றடிக்கு வரவில்லை. நேராகத் தொழுமரத்துக்குப் போனாள். கூட்டம் தானாகவே விலகியது. அவள் எதையாவது எறியப்போகிறாள் என்று நினைத்துப் பக்கத்திலிருந்தவன் ஒரு முட்டையைக்கூட நீட்டினான். அவள் வாங்கவில்லை. மேடையில் ஏறி, பலகைக்குப் பின்புறம் போனாள். அங்கே கில்பர்ட்டின் இடுப்பு வாரில் வீட்டுச் சாவிக் கொத்து தொங்கியது. கடைச் சாவி, மாவு அறைச் சாவி, அவளை வைத்துப் பூட்டுகிற மேல்மாடிச் சாவி.

பலகைக்கு அந்தப் பக்கம் கில்பர்ட் ஏதோ சொன்னான். மிரட்டலா கெஞ்சலா என்று முன்வரிசையில் நின்றவர்களுக்கே தெரியவில்லை. அவிஸ் இடது கையால் கொக்கியைக் கழற்றினாள். ஒரு கையால் செய்வதால் நேரம் பிடித்தது. யாரும் உதவிக்குப் போகவில்லை. அவளும் யாரையும் பார்க்கவில்லை. கொத்து கழன்று வந்ததும் அதை முன்றானையில் முடிந்துகொண்டு, மேடையிலிருந்து இறங்கி, ரொட்டிக் கடைத் தெருவுக்குள் நடந்தாள்.